டெக்சாஸில் லேண்ட்மேன் வேலை: கோர்ட்ஹவுஸில் நுழைவதிலிருந்து முதல் செக் கைக்கு வரும் வரை

"அந்த லேண்ட்மேன் வேலைக்கு எப்படிப் போனீங்க? எங்களாலயும் முடியுமா?" ஹூஸ்டனிலும் மிட்லாண்டிலும் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வாட்ஸப்பில் துண்டு துண்டாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது. நான் பத்து மாதம் அலைந்து, ஒரு பில் தொகையை 74 நாள் காத்திருந்து வாங்கித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன். (பெண்ணாக இருந்தாலும் இங்கே லேண்ட்மேன் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் பழகிவிட்டது.)

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்காவில் நிலத்தடி எண்ணெயும் எரிவாயுவும் தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். மேல்மண்ணை ஒருவருக்கு விற்றுவிட்டு அடியில் இருப்பதைத் தன் பேரிலேயே வைத்துக்கொள்ளலாம். கிணறு தோண்டும் முன் அந்த அடிநிலம் இன்றைக்கு யார் யாருக்கு எவ்வளவு சொந்தம் என்று பத்திரம் பார்த்துச் சொல்வதும், அவர்களிடம் லீஸ் (எண்ணெய் எடுக்க விடும் குத்தகை) கையெழுத்து வாங்குவதும் லேண்ட்மேன் வேலை. நம் டெல்டாவில் எண்ணெய் எடுக்க உரிமம் தருவது அரசு. அதனால் இப்படி ஒரு தொழிலே அங்கே இல்லை. ஆனால் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதும், தாய்ப்பத்திரம் தேடுவதும், வாரிசு வரிசை எழுதுவதும் நமக்குப் புதிதா என்ன? என் அப்பா கும்பகோணத்தில் பத்திர எழுத்தர். அவர் திண்ணையில் காதில் விழுந்த பேச்சில் பாதிக்கு மேல் இங்கே உதவுகிறது.

1. உங்கள் விசாவுக்கு இந்த வேலை ஒத்துவருமா?

எண்ணெய் கம்பெனிக்குள்ளேயே சம்பளத்துக்கு இருக்கும் லேண்ட்மேன்கள் உண்டு. அந்த இடங்களுக்குப் பெரும்பாலும் டெக்சாஸ் டெக், ஓக்லஹோமா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதற்கென்றே பட்டம் படித்தவர்களை எடுக்கிறார்கள். நம்மைப் போல நடுவில் நுழைபவர்களுக்குத் திறந்திருப்பது ஃபீல்டு லேண்ட்மேன் வேலை. நாள் கூலிக்கு, 1099 காண்டிராக்டராக (சம்பள ஊழியர் இல்லை, தன் வரியைத் தானே கட்டும் தனி ஒப்பந்தக்காரர்), எண்ணெய் கம்பெனிகளுக்கு லேண்ட்மேன்களை அனுப்பும் ஒரு புரோக்கர் கம்பெனி மூலம் செய்வது.

அங்கேதான் விசா இடிக்கும். ஹெச்-1பி வைத்துக்கொண்டு பக்கத்தில் 1099 வேலை செய்ய முடியாது. கிரீன் கார்டு, குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. ஹெச்-4 இஏடி (ஹெச்-1பி வைத்திருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்குக் கிடைக்கும் வேலை அனுமதிக் கார்டு) இருந்தாலும் செய்யலாம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். கார்டு காலாவதி தேதியைப் பார்த்துப் புதுப்பிக்க முன்கூட்டியே மனு போடுங்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் அன்றைக்கு வேலை செய்யக்கூடாது.

டெக்சாஸில் மினரல் (அடிநில எண்ணெய், எரிவாயு உரிமை) லீஸ் வாங்க ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் பைப்லைன், மின்கம்பி வழித்தட உரிமை பேசப் போனால் மாநில ரியல் எஸ்டேட் கமிஷனில் அதற்கெனத் தனிப் பதிவு வேண்டும். "எல்லாம் ஒண்ணுதான், வாங்க" என்று கூட்டிப்போகிறவர்கள் உண்டு. பதிவில்லாமல் போகாதீர்கள்.

2. ஆறு மாதச் செலவுக்குப் பணத்தை ஒதுக்குங்கள்

இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். மாதம் முழுக்க வேலை செய்து கடைசியில் பில் போடுவீர்கள். புரோக்கர் அதைத் தன் பில்லோடு சேர்த்து எண்ணெய் கம்பெனிக்கு அனுப்புவார். அங்கிருந்து பணம் வந்த பிறகுதான் உங்களுக்கு. முதல் தேதி செய்த வேலைக்கு அறுபது, எழுபது நாள் கழித்து செக் வந்தால் அது சாதாரணம். அதுவரை பெட்ரோல், மோட்டல், நகல் கட்டணம் எல்லாம் உங்கள் கிரெடிட் கார்டில்.

நகல் கட்டணம் சின்ன விஷயமாகத் தெரியும். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகத்தில்தான் பத்திரங்கள் இருக்கும். அங்கே சான்றிடாத நகல் பக்கத்துக்கு 1 டாலர். ஒரு செக்‌ஷனுக்கு (அளந்து எண் கொடுத்த ஒரு நிலத்துண்டு) 400 பக்கம் சர்வசாதாரணமாக ஏறும். மிட்லாண்டிலிருந்து பீகோஸ் ஏறக்குறைய நூறு மைல். போக வர 200 மைலை 2025-இல் ஐஆர்எஸ் (வரித் துறை) மைலுக்கு வைத்த 70 சென்ட்டில் கணக்குப் போட்டால் ஒரு நாளுக்கு 140 டாலர். திரும்பி வரும், ஆனால் பிறகுதான் வரும்.

மற்றபடி லேப்டாப், எக்ஸெல், நல்ல டயர் போட்ட கார். மேற்கு டெக்சாஸ் சாலையில் எண்ணெய் லாரிகளுக்கு நடுவே ஓட்டப் போகிறீர்கள். டயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

3. சம்பளமில்லாமல் ஒரு மாதம் கோர்ட்ஹவுஸில் உட்காருங்கள்

ஆன்லைன் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டாம். டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும், பெரும்பாலும் கோர்ட்ஹவுஸிலேயே இருக்கும் கிளார்க் அலுவலகப் பதிவறை பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது. யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. நான் மார்ட்டின் கவுண்டிக்காக ஸ்டான்டன் ஊருக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஒரு செக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 640 ஏக்கர். இன்றைய உரிமையாளரிலிருந்து ஆரம்பித்து, மாநிலம் முதன்முதலில் எழுதிக் கொடுத்த பேட்டன்ட் வரை பின்னால் போங்கள். பிறகு அங்கிருந்து முன்னால் வாருங்கள். பின்னால் போகும்போது வாங்கியவர் பெயர் இன்டெக்ஸ், முன்னால் வரும்போது விற்றவர் பெயர் இன்டெக்ஸ். பேட்டன்ட் கோப்புகள் டெக்சாஸ் ஜெனரல் லேண்ட் ஆபீஸ் தளத்திலேயே கிடைக்கும்.

பழைய இன்டெக்ஸ் புத்தகங்கள் இரும்பு உருளை பதித்த அலமாரியில் படுத்திருக்கும். ஒன்றை இழுத்துத் தூக்கிச் சாய்வு மேசையில் போடவே தோள் வலிக்கும். பெயர்கள் முதல் எழுத்து வரிசையில் இருக்கும், ஆனால் அதற்குள் அகரவரிசை இருக்காது, பதிவான தேதி வரிசைதான். 'எஸ்' பக்கத்தில் ஸ்மித்தைத் தேடி முழுப் பக்கத்தையும் விரலால் வருட வேண்டும். பெண்களின் சொத்து 1940-களில் 'மிஸஸ் டபிள்யூ. டி. இன்னார்' என்று கணவர் முதலெழுத்தில் கிடக்கும். அதே பெண் விதவையான பிறகு தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருப்பார். இரண்டும் ஒருவர்தான் என்று எந்தக் கம்ப்யூட்டரும் உங்களுக்குச் சொல்லாது.

நில அளவு 'வரா' என்று இருக்கும், பயப்படாதீர்கள். ஸ்பானியக் காலத்து அளவு. டெக்சாஸில் ஒரு வரா 33 1/3 அங்குலம். 36 வரா நூறு அடி. 1900 வராவுக்கு 1900 வரா என்று பத்திரத்தில் கண்டால் அது ஏறக்குறைய ஒரு முழு செக்‌ஷன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மேற்கு டெக்சாஸில் ரயில்வே சர்வே நிலங்களில் இரட்டைப்படை எண் செக்‌ஷன் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அவற்றில் பல, பள்ளி நிதிக்கு என்று மாநிலம் ஒதுக்கி வைத்தவை. 'மினரல் நிலம்' என்று வகைப்படுத்தி விற்கப்பட்டிருந்தால் அடிநிலம் இன்னும் மாநிலத்துடையது. மேல்நில உரிமையாளர் மாநிலத்தின் ஏஜென்ட்டாக லீஸ் எழுதுவார், வரும் பணத்தில் மாநிலத்துக்குப் பங்கு உண்டு, லேண்ட் ஆபீஸ் ஒப்புதலும் வேண்டும். இது தெரியாமல் கவுண்டி புத்தகத்தை மட்டும் பார்த்து நான் மூன்று நாள் வீணாக்கினேன்.

4. ரன்ஷீட் எழுதப் பழகுங்கள்

இதுதான் உங்கள் சோறு. வில்லங்கச் சான்றைப் போலத் தேதிவாரியான பட்டியல். பதிவு எண், வால்யூம், பக்கம், ஆவண வகை, எழுதிய தேதி, பதிவான தேதி, கொடுத்தவர், வாங்கியவர், நில விவரம், கடைசியில் குறிப்பு. அந்தக் குறிப்புக் கட்டத்தைப் பார்த்துத்தான் உங்களைத் திரும்பக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

முதல் பெரிய தவறை நான் 1948-இல் எழுதிய ஒரு டீடில் (விற்பனைப் பத்திரம்) செய்தேன். முதல் பக்கத்தில் விற்பனை, நில விவரம், விலை எல்லாம் சரி. இரண்டாம் பக்கத்தில் வேலி பற்றிய ஒரு நீண்ட பத்தியின் நடுவில், 'நீங்கலாக' என்று ஆரம்பித்து 1/16 ராயல்டியை (எடுக்கும் எண்ணெயில் கிடைக்கும் பங்கு) விற்றவர் தன் வாரிசுகளுக்கு என்று ஒதுக்கியிருந்தார். நான் வேலி என்று நினைத்து ஓட்டிவிட்டேன். எனக்கு மேலே இருந்த மூத்த லேண்ட்மேன் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, அந்த ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் மார்க்கர் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு டீடையும் கடைசி வரி வரை விரல் வைத்துப் படிக்கிறேன்.

வேறு மூன்று இடங்களில் எல்லாரும் சறுக்குவார்கள். ஒன்று, கவுண்டி கிளார்க் புத்தகத்தோடு நிறுத்திவிடுவது. விவாகரத்தும் பாகப்பிரிவினை வழக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும், அங்கேயும் போக வேண்டும். இரண்டு, இன்டெக்ஸ் எந்தத் தேதி வரை ஏற்றப்பட்டிருக்கிறது என்று கேட்காமல் விடுவது. அந்தத் தேதியை ரன்ஷீட் தலையிலேயே எழுதுங்கள். அதற்குப் பிறகு பதிவான பத்திரத்துக்கு யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று, ஆன்லைன் தளத்தை மட்டும் நம்புவது. காசு கட்டிப் பார்க்கும் தளங்கள் வசதிதான், ஆனால் எல்லாக் கவுண்டியிலும் ஆரம்பம் முதல் ஏற்றியிருக்க மாட்டார்கள். எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

5. பங்குக் கணக்கு

கணக்கு எளிது. தாத்தாவுக்கு 160 ஏக்கரில் பாதி மினரல். மூன்று பிள்ளைகளுக்குச் சமமாக எழுதி வைத்தார். ஒரு பிள்ளைக்கு 1/2 பெருக்கல் 1/3, அதாவது 1/6. 160-இல் அது 26.6667 நெட் ஏக்கர் (அவர் பங்குக்கு மட்டும் வரும் ஏக்கர்). போனஸ் (லீஸ் கையெழுத்துக்குத் தரும் பணம்) ஏக்கருக்கு 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் 26,666.67 டாலர். 640 ஏக்கர் யூனிட்டில் (கிணற்றுக்காக ஒன்றாகச் சேர்த்த நிலம்) 1/4 ராயல்டிக்கு லீஸ் கொடுத்தால் அவர் பங்கு 0.01041667. எட்டு தசம இடம் வரை எழுதுவது இங்கே வழக்கம்.

உயில் இல்லாமல் இறந்தவர் வந்தால்தான் தலைவலி. நம் ஊர் வாரிசுச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பிரித்துவிடாதீர்கள். டெக்சாஸில் தாய்தந்தை வழி வந்த சொத்து தனிச்சொத்து. பிள்ளைகள் இருந்தால் அந்த நிலத்தில் மனைவிக்கு 1/3 பங்குக்கு ஆயுள் அனுபவ உரிமை மட்டும், மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு. கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து என்றால் வேறு கணக்கு. முதல் தாரத்துப் பிள்ளை ஒருவர் இருந்தாலே கணக்கு மாறிவிடும். அதனால் ஒவ்வொரு சாவுக்கும் எப்போது, எத்தனை கல்யாணம், எந்தக் கல்யாணத்தில் எத்தனை பிள்ளை என்று கேட்டே ஆக வேண்டும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நம் ஊர் அத்தைமார்கள் கேட்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

பழைய டீடில் '1/8-இல் பாதி' என்று கண்டால் உடனே 1/16 என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் 1/8 என்பதையே முழு மினரலுக்குப் பதில் சொல்லாக எழுதியிருக்கிறார்கள். 1924-இல் எழுதிய ஒரு டீடு பற்றி டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2023-இல் அதைப் பாதி மினரல் என்றே எடுத்துக்கொண்டது. நீங்கள் முடிவு சொல்லாதீர்கள். வார்த்தைக்கு வார்த்தை குறிப்பில் எழுதி வக்கீலுக்கு விடுங்கள். உரிமை யாருக்கு என்று சட்டக் கருத்து (டைட்டில் ஒப்பீனியன்) எழுதுவது அவர் வேலை.

6. வேலை கேட்பது

நான் 61 புரோக்கர்களுக்கு மெயில் போட்டேன். இரண்டு பதில், இரண்டும் "இப்போது இல்லை". பிறகு ஸ்டான்டனில் நானே செய்த ரன்ஷீட்டை இணைத்து, அந்த செக்‌ஷனின் பங்குக் கணக்கையும் ஒரு பக்கத்தில் போட்டு, 15 பேருக்கு மட்டும் அனுப்பினேன். நான்கு பேர் போன் செய்தார்கள். ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "திங்கட்கிழமை பீகோஸில் இருக்க முடியுமா?"

மிட்லாண்டில் பெர்மியன் பேசின் லேண்ட்மென்ஸ் அசோசியேஷன், ஹூஸ்டனில் ஹூஸ்டன் அசோசியேஷன் ஆஃப் புரொஃபஷனல் லேண்ட்மென். இவற்றின் மதியச் சாப்பாட்டுக் கூட்டங்களுக்குப் போங்கள். ஹூஸ்டனில் பிப்ரவரியில் நடக்கும் நேப் என்ற எண்ணெய்த் தொழில் கண்காட்சிக்கு முதல் வருடமே டிக்கெட் எடுக்க வேண்டாம். புதியவருக்கு அது செலவு, அங்கே பேரம் பேசுபவர்கள் வேறு ஆட்கள்.

என் முதல் கூலி நாளுக்கு 225 டாலர். அது குறைவு என்று தெரிந்தேதான் வாங்கினேன். ஒன்பது மாதம் கழித்து 300 கேட்டேன், கொடுத்தார்கள். கேட்காமல் யாரும் ஏற்றித் தர மாட்டார்கள்.

7. ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்

வேலை கிடைத்த சந்தோஷத்தில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 'கிளையன்ட் பணம் தந்த பிறகே காண்டிராக்டருக்குப் பணம்' என்று ஒரு வரி இருந்தது. கிளையன்ட் தாமதித்தார். 74 நாள். இடையில் நான் போன் செய்யும்போதெல்லாம் "இந்த வாரம் வந்துடும்" என்றார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் '45 நாளுக்கு மேல் போகாது' என்று ஒரு உச்சவரம்பாவது கேளுங்கள்.

கூடவே இவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்: காரில் போகும் நேரம் வேலை நேரமா, மைலேஜ் எந்த இடத்திலிருந்து கணக்கு, நகல் கட்டணத்துக்கு முன்பணம் உண்டா, அரை நாள் என்றால் எத்தனை மணி நேரம். பிழை காப்பீடு (உங்கள் வேலையில் தவறு நேர்ந்தால் ஈடுகட்டுவது) கேட்கிறார்களா என்றும் பாருங்கள். சிலர் உங்களையே எடுக்கச் சொல்வார்கள்.

தினமும் எந்தக் கவுண்டி, எந்த செக்‌ஷன், என்ன செய்தேன் என்று ஒரு வரி நாட்குறிப்பு வையுங்கள். நகல் ரசீதுகளை அன்றன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள். வெயிலில் காரில் கிடந்தால் ஒரே வாரத்தில் எழுத்து அழிந்துவிடும்.

இன்னொன்று: பதிவறையில் வாயைத் திறக்காதீர்கள். பக்கத்து மேசைக்காரர் சிரித்த முகத்தோடு "எந்தப் பக்கம் வேலை?" என்பார். எந்த பிளாக் என்று தெரிந்தால் போதும், அடுத்த வாரம் போட்டிக் கம்பெனி அங்கே வந்துவிடும். புத்தகத்தைத் திறந்தபடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் உங்கள் பேரிலோ மச்சான் பேரிலோ மினரல் வாங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். தெரிந்தால் அன்றோடு தொழில் போச்சு.

8. லீஸ் வாங்கப் போகும் நாள்

முதல் வருடம் பெரும்பாலும் இங்கே வரமாட்டீர்கள். வந்தால், டீடில் இருப்பது போலவே பெயர், கல்யாணம் ஆனவரா, இது தனிச்சொத்தா என்று லீஸில் சரியாக இருக்கிறதா பாருங்கள். குடியிருக்கும் நிலமாக இருந்தால் கணவன் மனைவி இருவர் கையெழுத்தும் வாங்குவதே வழக்கம். கையெழுத்து நோட்டரி முன் போட வேண்டும். நீங்களே நோட்டரி ஆகிவிட்டால் வசதி. டெக்சாஸில் நான்கு வருடத்துக்கு நியமிப்பார்கள், 10,000 டாலருக்கு உத்தரவாத பாண்ட் எடுக்க வேண்டும். ஆனால் லீஸ் உங்கள் பேரிலேயே எழுதப்பட்டால் அதற்கு நீங்கள் நோட்டரி போடக்கூடாது.

லீஸின் முதல் கெடு பெரும்பாலும் மூன்று வருடம். பதிவுக்குப் போவது முழு லீஸ் அல்ல, சுருக்கமான மெமரண்டம். விலை வெளியே தெரிய வேண்டாம் என்பதற்காக. பதிவுக் கட்டணம் முதல் பக்கத்துக்கு 25 டாலரைச் சுற்றி, அடுத்த பக்கங்களுக்கு 4 டாலர் வீதம்.

போனஸுக்குக் கொடுப்பது பெரும்பாலும் டிராஃப்ட். செக் மாதிரியே இருக்கும், ஆனால் டைட்டில் சரிபார்த்து 30 வங்கி நாளுக்குள் பணம் என்று அதில் அச்சடித்திருக்கும். எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டியம்மா அதை வாங்கி அன்று மாலையே வங்கிக்குப் போய்க் காசு கேட்டிருக்கிறார். கவுன்டரில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் எனக்குப் போன்: "போலி காகிதம் கொடுத்திட்டியா பொண்ணே?" தவறு என்னுடையது. இப்போதெல்லாம் அந்த வரியை விரல் வைத்துக் காட்டி, காலண்டரில் தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

"இது நல்ல விலைதானா?" என்று கேட்பார்கள். நீங்கள் கம்பெனி பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். "உங்க வக்கீல்கிட்ட காட்டிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

9. வரியும் சான்றிதழும்

1099 பணத்தில் யாரும் வரி பிடிக்க மாட்டார்கள். சுயதொழில் வரி மட்டும் 15.3 சதவீதம், அதற்கு மேல் வருமான வரி. வரும் ஒவ்வொரு செக்கிலும் 30 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று நான்கு தவணை. எல்எல்சி (உங்கள் பேரில் ஒரு சின்னக் கம்பெனி) பதிய மாநிலத்துக்கு 300 டாலர். முதல் வருடம் அவசரமில்லை.

ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் புரொஃபஷனல் லேண்ட்மென் தரும் சான்றிதழ்களில் ஆர்எல் கீழ்ப்படி, ஆர்பிஎல் நடு, சிபிஎல் உச்சி. மேல்படிகளுக்கு அனுபவமும் தேர்வும் வேண்டும். உறுப்பினராகச் சேருங்கள், ஒரு வருடம் வேலை பார்த்த பிறகு தேர்வுகளைப் பற்றி யோசியுங்கள்.

10. வேலை நின்றால்

நிற்கும். எண்ணெய் விலை சரிந்தால் முதலில் நிறுத்துவது எங்களைத்தான். 2020 ஏப்ரல் 20 அன்று டபிள்யூடிஐ (அமெரிக்கக் கச்சா எண்ணெய்) வாய்தா விலை பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த வசந்தத்தில் பாதி வாக்கியத்தோடு ரன்ஷீட்டை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இன்றும் பதிவறையில் கதை சொல்கிறார்கள். "நாளை முதல் வர வேண்டாம்" என்று ஒரு மெயில்தான் வரும், நோட்டீஸ் காலம் எல்லாம் கிடையாது. அப்போது சோலார், காற்றாலை லீஸ் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களின் எண்களைக் கையில் வைத்திருங்கள். அவர்களுக்கும் அதே ரன்ஷீட்தான், மேல்நிலம் யாருடையது என்று பார்ப்பதில் கொஞ்சம் கூடுதல் கவனம், அவ்வளவுதான்.

கடைசியாக, பதிவறைக்குப் போகும்போது ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். வெளியே 105 டிகிரி கொதித்தாலும் உள்ளே ஏசி பல்லைக் கிட்டவைக்கும். லவிங் கவுண்டிக்கு அனுப்பினால் சாப்பாட்டையும் கட்டிக்கொள்ளுங்கள். 2020 கணக்கெடுப்பில் அந்த முழுக் கவுண்டியிலும் 64 பேர்தான். நான் போன முதல் நாள் ஒரு பாக்கெட் முறுக்கிலேயே சாயங்காலம் வரை ஓட்டினேன்.